டுவைட் ஹாக்மையர் மகளுக்கு ஊர் காட்டிய கதை

டுவைட் ஹாக்மையர் தங்கமான மனுஷன் என்று எங்கள் ஃபோர்ட் வெய்னில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்கிறவர்கள் யாரும் அவனுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்து பார்த்ததில்லை. நான் நாற்பது வருஷத்துக்கு மேல் குடியிருக்கிறேன். தங்கம்தான், மறுக்கவில்லை. பனி கொட்டினால் தெருக்கோடி வரைக்கும் மற்றவர்கள் வாசல் பனியை மிஷினால் தள்ளிவிட்டு வந்துதான் தன் வாசல் பனியைத் தள்ளுவான். நன்றி சொல்லப் போனால், "மிஷின் சும்மாதான் கெடந்துச்சு" என்பான். ஆனால் தங்கத்துக்கு வாய் கிடையாது. இவனுக்கும் கிடையாது. அதனால் என் ஆயுசில் எவ்வளவு குறைந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தான். பத்தொன்பது வயதில் லாரி தொழிற்சாலையில் சேர்ந்தான். ஷீலாவைக் கட்டினான், கொரின் பிறந்தாள். அந்தக் குழந்தைக்கு நாலு வயதாகும்போது தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஊரில் பலரும் மூட்டை கட்டினார்கள். ஷீலாவும், வெயில் அடிக்கிற ஊராகப் பார்த்துப் போய்விடலாம் என்றாள். டுவைட்டின் அம்மா அப்போது படுத்த படுக்கை. "நீ வேணும்னா முன்னாடி போ" என்றான் இவன். அதற்குப் 'போகாதே' என்று அர்த்தம். இந்த ஊரில் பிறந்த எந்தப் பெண்ணாக இருந்தாலும் அது புரிந்திருக்கும். ஷீலா கலிபோர்னியாக்காரி. முன்னாடி போகச் சொன்னானே என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரிசோனாவில் டூசானுக்கு முன்னாடி போனாள். அப்புறம் வா என்று அவளும் கூப்பிடவில்லை, வரட்டுமா என்று இவனும் கேட்கவில்லை. ஒரு கல்யாணம் அப்படியே முடிந்தது. சண்டை கூடக் கிடையாது. சண்டை போட்டிருந்தால் தேவலை.

வீடு காலியானதும் தெருவே பாத்திரம் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்தது. எல்லாரிடமும் இருக்கிற அதே நீளவாக்குக் கண்ணாடிப் பாத்திரம், அடியில் ஒட்டுத்தாளில் அவரவர் பெயர். உள்ளே உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும், நூடுல்ஸும் பாலாடைக்கட்டியும். சாப்பிட்டாகிவிட்டது, சரி. இனிமேல்தான் வேதனை. பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரக் கூடாது. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதவில்லை. ஆனால் ஜெயிலுக்குப் போய் வந்தவன்கூட எங்கள் தெருவில் இதை மீற மாட்டான். காலிப் பாத்திரம் திரும்பி வந்தால், உன் சங்காத்தமே வேண்டாம் என்று சொல்லி அனுப்பியது மாதிரி. அதற்காகவே, ஸ்கூல் பஸ் ஷெட்டில் கிரீஸ் கையோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் அடுப்பு மூட்டக் கற்றுக்கொண்டான். கடலை வெண்ணெயும் சாக்லேட்டும் போட்டு இனிப்புத் துண்டுகள் செய்வான். வேறு எதுவும் வராது. நாற்பது வருஷமாக அதையேதான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

கொரின் வருஷத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவாள். இரண்டு பேரும் வெயிலைப் பற்றியும் பனியைப் பற்றியும் பேசுவார்கள். அவளுடைய அம்மா போய்ச் சேர்ந்தபின் மாதத்துக்கு ஒன்றாயிற்று. இந்த வருஷம் ஜனவரியில் ஒரு நாள் டுவைட் என் சமையலறைக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"கொரினுக்கு இங்க ஆஸ்பத்திரில வேலை கெடைச்சிருக்காம். கை கால் வராதவங்களுக்குப் பயிற்சி குடுக்கற வேலை. ஏப்ரல் கடைசிக்குள்ள பதில் சொல்லணுமாம். அதுக்கு முன்னாடி ஊரைப் பாக்க வர்றாளாம்."

காப்பியை மேசையில் வைத்தேன். "நீ என்ன சொன்ன?"

"உன் இஷ்டம்னு சொன்னேன்."

"டுவைட்!"

"வேற என்ன சொல்லச் சொல்ற மார்சி? நாப்பது வருஷம் அப்பன்னு என்ன செஞ்சேன் நான்? இப்ப வயசான காலத்துல வந்து பாத்துக்கோன்னு அவ தலையில ஏறி உக்காரவா?"

"எப்ப வர்றா?"

"ஏப்ரல் கடைசில வரட்டுமான்னு கேட்டா. மார்ச்லயே வான்னுட்டேன்."

"மார்ச்லயா? பனி உருகிச் சேறா நாறிக்கிட்டு இருக்குமே! ஏப்ரல்னா செடியாவது பூத்திருக்கும்."

"அதுக்குத்தான். ஊரோட மோசமான மூஞ்சியைப் பாத்துட்டு முடிவு பண்ணட்டும். பூவைக் காட்டி ஏமாத்திட்டாருன்னு நாளைக்கு அவ நெனைக்கக் கூடாது."

இவனை என்ன செய்வது? அடிக்கவும் முடியாது, எழுபத்திரண்டு வயது.

அவ்வளவு சொன்னவன் பிப்ரவரி முழுக்க என்ன செய்தான் தெரியுமா? வீட்டின் பின்னறையில் முப்பது வருஷத்துக் குப்பையை எல்லாம் வாரி வெளியே போட்டான். சுவருக்கு மஞ்சள் வண்ணம் அடித்தான். கொரின் சின்னக் குழந்தையாக இருந்தபோது அந்த அறை மஞ்சளாகத்தான் இருந்ததாம். புதுக் கட்டில், புது மெத்தை. திரைச்சீலை வாங்க என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். வெள்ளையா வெளிர் வெள்ளையா என்று கடைக்காரப் பெண் தூங்கி விழும்வரை யோசித்தான். எல்லாம் முடிந்தபின் அறைக் கதவைச் சாத்தினான்.

"இதை அவகிட்டச் சொல்லக் கூடாது. காட்டவும் மாட்டேன். அவளே வர்றேன்னு முடிவு பண்ணினா அப்பறம் பாத்துக்கலாம்."

"அப்ப வந்தா எங்க படுப்பா?"

"ஹால்ல சோபா இருக்குல்ல."

"டுவைட், உனக்குப் புத்தி கித்தி பெசகிப்போச்சா?"

"கட்டிலைப் பாத்தா நம்மள எதிர்பாக்கறாங்கன்னு அவளுக்குச் சங்கடமா இருக்கும். நீயும் வாயத் தொறக்கக் கூடாது மார்சி. சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன். அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடுவது எங்கள் ஊரில் கொலைக்கு அடுத்த குற்றம். நானும் இந்த மண்ணில் முளைத்தவள்தானே.

மார்ச் கடைசி வாரம் வந்தாள். "எனக்குப் பேச வராது, நீயும் வா" என்று என்னையும் விமான நிலையத்துக்கு அழைத்துப் போனான். வந்திறங்குகிறவர்களுக்கு அங்கே ஆளுக்கொரு பிஸ்கட் கொடுப்பார்கள். கொரின் அந்தப் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைத் தேடினாள். டுவைட்டின் அதே நீண்ட தாடை, அதே சாய்ந்த நடை. நாற்பத்தைந்து வயது, தலையில் கொஞ்சம் நரை. அவன் அவள் தோளைத் தட்டினான்.

"பிளேன் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுப்பா."

"இங்க மழை."

"ஆமா, பாத்தேன்."

அவ்வளவுதான். ஷீலாவின் அடக்கத்துக்கு அப்புறம் நாலு வருஷம் கழித்துப் பார்த்துக்கொண்ட அப்பனும் மகளும் பேசியது அவ்வளவுதான். காரின் பின் சீட்டில் உட்கார்ந்து நான் என் கைப்பையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை என்னையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு ஊர் காட்டக் கிளம்பினான். நான் மனதுக்குள் ஒரு வழி போட்டு வைத்திருந்தேன். முதலில் கோர்ட் கட்டடம், பிறகு ஆற்றங்கரைப் பூங்கா, பிறகு மரங்கள் கூடி நிற்கும் தெற்குத் தெருக்கள். அவன் நேராகக் காரைக் கொண்டுபோய்த் தன்னுடைய பழைய தொழிற்சாலையின் எதிரில் நிறுத்தினான்.

"இங்கதான் நான் வேலை பாத்தேன். மூடிட்டாங்க."

"தெரியும்ப்பா."

"எது வந்தாலும் ஒரு நாள் மூடிருவாங்க. ஆஸ்பத்திரியும் அப்படித்தான் ஆகும்னு சொல்லல. ஆனா சொல்ல முடியாது."

அங்கிருந்து ரயில்வே கேட். எங்கள் ஊரில் சரக்கு ரயிலுக்குக் காத்திருக்காமல் யாரும் எங்கேயும் போனதில்லை. முன்னூறு பெட்டியோ என்னவோ, நகர்ந்து நகர்ந்து போனது, அப்புறம் நின்றது, அப்புறம் பின்னால் வந்தது. டுவைட் எஞ்சினை அணைத்துவிட்டு, "தினமும் இப்படித்தான்" என்றான், ஏதோ திருப்தியாக. பிறகு ரோட்டில் இருக்கிற பள்ளங்களை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்து வைத்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா, பழைய செருப்புக் கடைகிட்ட இடது பக்கம் திரும்பணும்."

கொரின் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "எது செருப்புக் கடை? அங்க பல் டாக்டர் போர்டு இல்ல தொங்குது?"

"ஆமா. செருப்புக் கடையை இடிச்சு இருபது வருஷமாச்சு."

"அப்ப புதுசா வர்றவங்க எப்படிப்பா கண்டுபிடிப்பாங்க?"

"கஷ்டம்தான்" என்று ஒப்புக்கொண்டான் டுவைட்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மத்தியானம் சாப்பிடப் போன இடத்தில் பரிமாறுகிற பெண், "டூசான்ல இருந்தா? அங்க சூரியன் இருக்குமே. இந்த ஊருக்கு எதுக்கு வர்றீங்க?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் புதிதாக வருகிற யாரையும் முதலில் கேட்பது இதுதான். சொந்த ஊரைப் பெருமையாக ஒரு வார்த்தை சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று எல்லாருக்கும் நினைப்பு. அந்தப் பெண் கேட்டதுகூடப் பரவாயில்லை. பெற்ற அப்பன், "அதைத்தான் நானும் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவளோடு சேர்ந்து சிரித்தான். கொரினும் சிரித்தாள். அவள் சிரிப்பு உதட்டோடு நின்றதை நான் பார்த்தேன். இவன் கெட்சப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரே ஒரு தடவை தன்னை மறந்தான். ஆற்றுக் கரைமேல் ஏறி, எண்பத்திரண்டாம் வருஷத்து வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று காட்டப் போனான், பயமுறுத்துவதற்காகத்தான். ஆனால் பேச்சு எப்படியோ திரும்பிவிட்டது.

"இந்தக் கரை முழுக்க மணல் மூட்டை கொரின். ஸ்கூல் பசங்க, கன்னியாஸ்திரிங்க, பேங்க் மேனேஜருங்க, எல்லாம் வரிசையா நின்னு கைமாத்திக் கைமாத்தி அடுக்கினோம். யார் யாருன்னே தெரியாது. பக்கத்துல நின்னவன் கையில ரத்தம் வந்துச்சு, நிறுத்தல. உங்கம்மா உன்னைத் தூக்கிட்டு சூப் கொண்டாந்தா. நீ ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில மண்ணை அள்ளி எங்கிட்டக் குடுத்த. அதையும் மேல வச்சேன். கரை நின்னுச்சு."

அவன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது. கொரின் வைத்த கண் வாங்காமல் அவனையே பார்த்தாள். "எனக்கு ஞாபகம் இல்லையேப்பா. இன்னும் சொல்லுங்க" என்றாள்.

சொல்லித் தொலையக் கூடாதா? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பதற்கென்றே பிறந்தவன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அதுக்கப்பறமும் தண்ணி வந்திருக்கு. வெள்ளத்துக்குத் தனியா இன்சூரன்ஸ் எடுக்கணும்" என்று சொல்லிக் காரை நோக்கி நடந்தான்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. தவக்காலமானதால் எங்கள் கத்தோலிக்கச் சர்ச்சில் மீன் பொரியல் விருந்து. டுவைட் லூத்தரன்காரன் என்றாலும் மீனுக்கு மதம் பார்க்க மாட்டான். சாப்பிட்டபின் யூக்கர் சீட்டாட்டம், இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ந்து ஆடுவது. கொரினை என் ஜோடியாகச் சேர்த்துக்கொண்டு ஆட்டம் சொல்லிக் கொடுத்தேன். என்னுடைய ஆஸ்மேலேயே துருப்பை அடித்தாள், பாவி. நான் கத்தினேன், மேசையே சிரித்தது, அவளும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பல வருஷம் எங்களோடு உட்கார்ந்தவள் மாதிரி இருந்தது. அப்போதுதான் எதிரில் இருந்த கிழவர் ஒருவர், "அப்ப இங்கயே வந்துடப் போறியாம்மா?" என்று கேட்டார்.

கொரின் சீட்டைக் கீழே கவிழ்த்துவிட்டு அப்பனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது எனக்குத் தெரிந்தது. மேசையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இவன் அழக்கூட வேண்டாம், வாயைத் திறந்து 'வந்தா நல்லா இருக்கும்' என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும்.

"சேச்சே" என்றான் டுவைட். "அவளுக்கு அங்கயே நல்ல வாழ்க்கை இருக்கு. இங்க வந்து என்ன பண்ணப் போறா?"

மேசைக்கு அடியில் அவன் முழங்காலில் ஓங்கி ஓர் உதை விட்டேன். "மன்னிச்சுக்க மார்சி, என் காலு நடுவுல வந்திருச்சு" என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டான். கொரின் சீட்டை எடுத்து அடுக்கினாள். அதற்கப்புறம் அவள் ஒரு தப்பும் செய்யவில்லை, சிரிக்கவும் இல்லை.

சனிக்கிழமை பேய்மழை. வீட்டிலேயே இருந்தார்கள். சோபாவில் படுத்து அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. பின்னறைக் கதவைக் காட்டி, "அந்த ரூம்ல என்னப்பா இருக்கு?" என்று கேட்டாளாம். "பழைய குப்பை" என்றானாம் இவன். என்னிடம் இதை வந்து சொன்னபோது பெருமையாக வேறு சொன்னான், கண்டுபிடிக்க விடவில்லையாம்.

ஞாயிறு மத்தியானம் அவள் கிளம்ப வேண்டும். டுவைட் முழங்காலைத் தட்டி, "சரி, அப்போ…" என்றான். எங்கள் ஊரில் அது விடைபெறுதலின் ஆரம்பம் மட்டும்தான். ஹாலில் நின்று கால் மணி, வாசற்படியில் நின்று கால் மணி, காரின் கதவைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கால் மணி. பேச்சு பூரா டூசான் வெயில், இங்கத்து மழை. கொரின் என்னிடம் தன் நம்பரைக் கொடுத்தாள், மார்சி என்று சுருக்காமல் முழுப்பேர் சொல்லி. "அப்பாவுக்கு ஏதாவதுன்னா ஒரு போன் பண்ணுங்க மார்செல்லா. அவரா சொல்ல மாட்டாரு." நான் அவளைக் கட்டிக்கொண்டேன். சத்தியம் பண்ணிய வாய் உள்ளுக்குள் கொதித்தது.

அப்போது டுவைட், "கொஞ்சம் இரு" என்று உள்ளே ஓடினான். திரும்பி வரும்போது கையில் அந்தக் கண்ணாடிப் பாத்திரம். உள்ளே இனிப்புத் துண்டுகள். அடியில் ஒட்டுத்தாளில் 'ஹாக்மையர்' என்று அவனுடைய அம்மாவின் கையெழுத்து. வீட்டில் இருக்கிற நல்ல பாத்திரமே அது ஒன்றுதான்.

"வழியில சாப்பிட" என்றான். காது சிவந்திருந்தது. "பாத்திரத்துக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. எப்ப முடியுதோ அப்பக் கொண்டாந்து குடு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கேட்டுவிட்டான்! பஞ்சாயத்துக் கூட்டி, மண்டியிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதற்குச் சமம். இந்த மனுஷன் வாழ்நாளில் ஒருத்தரிடம் 'என்கிட்ட வந்து இரு' என்று கேட்டது அந்த ஒரு தடவைதான். கொரின் பாத்திரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "கண்டிப்பாப்பா" என்றாள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பத்து நாள் கழித்துத் தபால் வண்டி ஒரு பெட்டியை அவன் வாசலில் வைத்துவிட்டுப் போனது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தியால் ஒட்டுத்தாளைக் கீறினான். சுருள் சுருளாகக் காகிதம். அதற்குள் கண்ணாடிப் பாத்திரம், பளபளவென்று கழுவி, உள்ளே ஒன்றுமில்லாமல். டூசானில் வளர்ந்தவளுக்கு என்ன தெரியும்! அப்பாவின் பொருள், உடையாமல் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்திருக்கிறாள்.

டுவைட் பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நல்லாத்தான் பேக் பண்ணிருக்கா" என்றான். "ஒரு கீறல் இல்ல."

"அவளுக்கு நம்ம வழக்கம் தெரியாது டுவைட். போன் போட்டுச் சொல்லு."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? கேட்டேன். பதில் வந்திருச்சு."

ஏப்ரல் கடைசி வாரம் பின்னறையிலிருந்து டங் டங் என்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கட்டிலைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். சர்ச் ஏலத்துக்குக் கொடுக்கப் போகிறானாம். மஞ்சள் சுவரில் சாயங்கால வெயில் விழுந்திருந்தது. அவன் தரையில் உட்கார்ந்து திருகாணிகளை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான், என்னை நிமிர்ந்து பார்க்காமல். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "ஏலம் ஜூன்லதான். அதுவரைக்கும் ஒரு ஆணியைத் தொட்ட, கையை ஒடிச்சுருவேன்" என்று கத்திவிட்டு வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது.

கொரின் பதறிப்போய், "அப்பாவுக்கு என்னாச்சு?" என்றாள்.

"உங்கப்பனுக்கு ஒண்ணும் ஆகல, எனக்குத்தான் ரத்தக் கொதிப்பு. ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்லிட்டியா?"

"நாளைக்குச் சொல்லணும். வேண்டாம்னு சொல்லலாம்னு இருக்கேன்."

"ஏன்? ஊர் பிடிக்கலையா?"

"ஊர் பிடிச்சிருந்துச்சு மார்செல்லா. ஆனா அப்பாவுக்கு இஷ்டம் இல்ல. மூணு நாளும் வராத வராதன்னுதானே சொன்னாரு? பள்ளம், வெள்ளம், ரயிலு... நான் வேலை தேடி அங்க வரல. அவருக்காகத்தான் விண்ணப்பமே போட்டேன். அவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வான்னு கேட்டிருந்தா..."

"கேட்டாரு!"

"எப்ப கேட்டாரு?"

"பாத்திரம் குடுத்தாருல்ல, கொண்டாந்து குடுன்னு சொன்னாருல்ல, அதுதான்டியம்மா கேள்வி! இந்த ஊர்ல ஒருத்தர் வீட்டுப் பாத்திரம் உன் வீட்ல இருந்தா நீ திரும்பி வரணும்னு அர்த்தம். நேர்ல வரணும். எதையாவது வச்சுக் கொண்டு வரணும். நீ அதைக் காலியா, தபால்ல அனுப்பி வச்ச. மூஞ்சில கதவைச் சாத்தினாக்கூட அவ்வளவு வலிச்சிருக்காது அந்த மனுஷனுக்கு."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அந்தப் பின் ரூம்ல குப்பைன்னு சொன்னாருல்ல? புது மெத்தை போட்ட குப்பை. பிப்ரவரி மாசம் பூரா சுவத்துக்கு மஞ்சப் பெயின்ட் அடிச்சாரு, நீ சின்னப் பிள்ளையா இருக்கப்ப இருந்த மாதிரி. உனக்குச் சங்கடமா இருக்கும்னு சாத்தி வச்சுட்டு உன்னை சோபாவுல படுக்க வச்சாரு. இப்ப கட்டிலைக் கழட்டிக்கிட்டு இருக்காரு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். இனி என்னைக் கொன்னாலும் சரி."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "மார்செல்லா, அந்தப் பாத்திரத்தைத் திருப்பி எனக்கு அனுப்புவீங்களா? அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்."

சர்ச் விருந்துக்கு வேண்டும் என்று பொய் சொல்லி அவன் சமையலறையிலிருந்து எடுத்துவந்தேன். அவன் எதற்கென்றுகூடக் கேட்கவில்லை. தபாலில் போட்டேன். அதன்பின் ஜூன் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை எந்த எதிரிக்கும் நினைக்க மாட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் அவன் "பாத்திரம் எங்க மார்சி?" என்று கேட்காமல் கேட்பது மாதிரி என் அலமாரியைப் பார்ப்பான்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, டுவைட் வாசலில் பனி தள்ளும் மிஷினைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் என் வேலியோரம் களை பிடுங்குகிற சாக்கில் குத்துக்காலிட்டிருந்தேன். தெருமுனையில் ஒரு பெரிய வாடகை லாரி திரும்பியது. தட்டுத் தடுமாறி வந்து, அவன் வீட்டு எதிரில் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. கொரின் இறங்கினாள். முகமெல்லாம் புழுதி. இரண்டு கையிலும் அந்தக் கண்ணாடிப் பாத்திரம்.

டுவைட் துணியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"சும்மா இந்தப் பக்கமா வந்தேன்ப்பா" என்றாள். "பாத்திரத்தைக் குடுத்துட்டுப் போலாம்னு."

டூசானிலிருந்து இந்தப் பக்கமாக! எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டாள் பாருங்கள்.

அவன் வாங்கிக்கொண்டான். மூடியைத் தூக்கிப் பார்த்தான். சோள மடலில் சுற்றி வேகவைத்த தமாலே, மூன்று அடுக்கு. முந்தின நாள் வழியில் தங்கின இடத்தில் யார் அடுப்பையோ இரவல் வாங்கிச் செய்திருக்கிறாள், பாதி அவிழ்ந்து கிடந்தது.

"இவ்வளவு செரமப்பட்டிருக்க வேண்டாமே" என்றான்.

"செரமம் ஒண்ணும் இல்லப்பா. சும்மாதான் இருந்தேன்."

டுவைட் லாரியைப் பார்த்தான். பாத்திரத்தைப் பார்த்தான். மறுபடியும் லாரியைப் பார்த்தான். அவன் தாடை ஆடியது. கட்டிக்கொள்ள வேண்டியதுதானே, கிழட்டு மடையா, என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"மழை வரும் போல இருக்கு" என்றான் கடைசியில். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. "சாமானை எறக்கிடலாம். ஆனா அந்தப் பின் ரூம்ல... பழைய குப்பைதான் கெடக்கு."

"பரவால்லப்பா" என்றாள் கொரின். "எனக்கு மஞ்சக் கலர் பிடிக்கும்."

டுவைட் மெல்லத் திரும்பி வேலிப் பக்கம் பார்த்தான். நான் குனிந்து கையில் அகப்பட்டதைப் பிடுங்கினேன். களையில்லை, நல்ல செடி. நிமிர்ந்தபோது அவன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டிருந்தான், பாத்திரத்தை மடியில் அணைத்துக்கொண்டு. தோள் குலுங்கியது. கொரின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகில் கையை வைத்திருந்தாள். ரோட்டில் மூன்று கார்கள் லாரிக்குப் பின்னால் நின்றன. ஒருத்தராவது ஹாரன் அடிக்க வேண்டுமே. எங்கள் ஊர்க்காரர்கள், காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.